கோடையில் வெளிநாடு போய் ஒப்பீட்டு அரசியல் படிப்பது: சேரும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கோடைவாசல்:

வணக்கம். ஐரோப்பாவில் நடக்கும் கோடைக்கால ஒப்பீட்டு அரசியல் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கேட்கிறேன். மொத்தம் ஆறு வாரம், ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 30 வரை. பெர்லினில் மூன்று வாரம், பிரஸ்ஸல்ஸில் ஒரு வாரம், லண்டனில் ஒரு வாரம், கடைசி வாரம் மறுபடி பெர்லின். முடிவில் 4,000 சொல் அளவில் ஒரு ஒப்பீட்டுக் கட்டுரை எழுதித் தர வேண்டும். நான் யோசித்து வைத்திருக்கும் தலைப்பு "ஐரோப்பாவில் ஜனநாயகம் ஏன் பலவீனமாகிறது". 12 இசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது அளவு) கிரெடிட் கிடைக்கும் என்கிறார்கள். சேரலாமா? போவதற்கு முன் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பார்வையாளர்மாடம்:

பணம் கட்டும் முன் அந்தத் தேதிகளை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். ஜூலை 20-க்கும் ஆகஸ்ட் 30-க்கும் நடுவில் நீங்கள் போகும் மூன்று ஊரிலும் நாடாளுமன்றம் ஏறக்குறைய மூடியே இருக்கும்.

ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக் ஜூலை முதல் பாதியோடு கோடை விடுமுறைக்குப் போனால் செப்டம்பரில்தான் திரும்பும். பிரிட்டன் மக்களவை ஜூலை கடைசி வாரத்தில் விடுமுறைக்குப் போய் செப்டம்பர் தொடக்கத்தில் கூடும். ஐரோப்பிய நாடாளுமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆண்டுக்கு 12 முழு அமர்வு நடத்துகிறது. ஆகஸ்டில் ஒன்றுகூடக் கிடையாது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் குழுக் கூட்டங்களும் ஆகஸ்ட் முடியும் தறுவாயில்தான் மெல்லத் தொடங்கும். இந்தத் தேதிகளில் போனால் கட்டடத்தைப் பார்க்கலாம், வேலை நடப்பதைப் பார்க்க முடியாது.

புண்டஸ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடம் விடுமுறையிலும் திறந்திருக்கும். இலவசம்தான், ஆனால் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்திருக்க வேண்டும். அமர்வு இல்லாத நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்து 45 நிமிட விளக்கவுரை தருவார்கள். அமர்வு நடக்கும் நாளில் அதே மாடத்திலிருந்து ஒரு மணி நேரம் விவாதம் கேட்கலாம். ஒப்பீட்டு அரசியல் படிக்கப் போகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நடக்கும் திட்டம் இருந்தால் அதைப் பிடியுங்கள். விடுமுறைக்கு முன் சட்டங்களை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லா நாடாளுமன்றமும் மும்முரமாக இருக்கும் காலம் அது. சுவிட்சர்லாந்தையும் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே நாடாளுமன்றம் ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் கூடுகிறது. கோடைத் தொடர் ஜூனில்தான். நாடு தழுவிய மக்கள் வாக்கெடுப்புக்கும் ஆண்டுக்கு நான்கு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று பெரும்பாலும் மே அல்லது ஜூனில் வரும். கை உயர்த்தி வாக்களிக்கும் திறந்தவெளி மக்கள் மன்றத்தைக் காட்டுகிறோம் என்று எந்தக் கோடைத் திட்டமாவது சொன்னால் தேதியைக் கேளுங்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் அது ஏப்ரல் கடைசி ஞாயிறு, கிளாரஸ் மாநிலத்தில் மே முதல் ஞாயிறு. கோடைத் திட்டத்துக்குள் அது வரவே வராது.

குடவோலை:

மேலே சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடாளுமன்றம் மூடியிருந்தால் அரசியலே மூடிவிட்டது போல எழுதியிருப்பது சரியில்லை.

ஸ்வீடனில் பொதுத்தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று நடக்கிறது. 2018, 2022 என்று அந்த வரிசை போகும். அப்படிப்பட்ட ஆண்டில் ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பிரசாரம். நகரச் சதுக்கங்களில் ஒவ்வொரு கட்சியும் சின்ன மரக்குடில் ஒன்றை வரிசையாகப் போட்டிருக்கும். ஒரே மத்தியானத்தில் எட்டுக் கட்சிக் குடிலுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டு எட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வரலாம். பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அது கிடைக்காது. நார்வேயிலும் தேர்தல் செப்டம்பரில்தான். அங்கே நாடாளுமன்றத்தைக் காலத்துக்கு முன் கலைக்கவே வழியில்லை என்பதால் தேர்தல் ஆண்டு எதுவென்று முன்கூட்டியே தெரியும், திட்டமிடுவதும் சுலபம். ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் விஸ்பி நகரில் கோடை தொடங்கும்போது அல்மெடாலன் வாரம் நடக்கும். கட்சித் தலைவர்கள், தொழிற்சங்கங்கள், தன்னார்வ அமைப்புகள் எல்லாம் ஒரே ஊரில் கூடிப் பொதுமக்கள் முன்னால் பேசுவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெர்லினையே எடுத்துக்கொண்டாலும், நார்மன்னன் தெருவில் பழைய கிழக்கு ஜெர்மன் உளவுத்துறைத் தலைமையகம் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை நினைவிடமும் ஆகஸ்டில் திறந்திருக்கும். எதேச்சாதிகாரம் ஒரு அலுவலகமாக எப்படி இயங்கியது, கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்று பார்க்காமல் ஜனநாயகத்தை மட்டும் படித்தால் ஒப்பீடு ஒரு காலில் நிற்கும்.

ஆகவே கேட்க வேண்டியது "நாடாளுமன்றம் கூடுகிறதா" என்பது மட்டுமல்ல. "என் கேள்விக்கு வேண்டிய இடம் அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா" என்று கேளுங்கள்.

ஒப்பீட்டுக்காரன்:

குடவோலை கடைசியாகச் சொன்ன வரிதான் இழையின் சாரம். அதையே பிடித்துக்கொண்டு தலைப்புக்கு வருகிறேன். "ஐரோப்பாவில் ஜனநாயகம் ஏன் பலவீனமாகிறது" என்பதை 4,000 சொல்லில் எழுத முடியாது. 4,00,000 சொல்லிலும் கஷ்டம். அதில் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட இடமே இல்லை.

ஒப்பீட்டுக்கு இரண்டு அடிப்படை வழி உண்டு. பெரும்பாலும் ஒத்திருக்கும் இரண்டு நாட்டை எடுத்து, விளைவு ஏன் வேறுபட்டது என்று தேடுவது ஒன்று. பெரும்பாலும் வேறுபட்ட இரண்டு நாட்டை எடுத்து, விளைவு ஏன் ஒத்துப்போனது என்று தேடுவது மற்றொன்று. எந்த வழி என்று முதல் வாரமே முடிவு செய்யாதவர்கள் கடைசி வாரம் இரண்டு நாட்டைப் பற்றியும் தனித்தனியாக 2,000 சொல் எழுதி நடுவில் ஒரு "ஆனால்" போட்டுத் தருகிறார்கள். ஒப்பீட்டுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைய இதுவே முக்கியக் காரணம்.

ஒரு நல்ல கேள்வியைப் பிரித்துக் காட்டுகிறேன். ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி பிரதமரை வெறுமனே கவிழ்க்க முடியாது. அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மை காட்டினால்தான் பழையவர் விலகுவார். இதை ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பார்கள். ஸ்பெயின் 1978 அரசியலமைப்பின் 113-ஆம் பிரிவில் இதே ஏற்பாடு இருக்கிறது. கவிழ்ப்பதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்து, ஆள்வதற்கு ஒன்றுசேராத கும்பல் பெரும்பான்மையைத் தடுப்பதுதான் நோக்கம்.

ஜெர்மனியில் 1972-இல் எதிர்க்கட்சித் தலைவர் பார்ஸெல் முயன்றார். 249 வாக்கு தேவை, 247 கிடைத்தது, தோற்றார். 1982 அக்டோபர் 1 அன்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் கோல் 256 வாக்கோடு ஜெயித்தார். அங்கே நடந்தது கூட்டணி மாற்றம். சுதந்திர ஜனநாயகக் கட்சி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வந்தது, புதிய கூட்டணிக்கு ஆளத் தேவையான எண்ணிக்கை கையில் இருந்தது. ஸ்பெயினில் 2018 ஜூன் 1 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் சான்செஸ் 350-இல் 180 வாக்கு வாங்கிப் பிரதமர் ரஹோயை அகற்றினார். ஆனால் அவருடைய கட்சிக்குச் சொந்தமாக இருந்தது 84 இடம்தான். அகற்றுவதற்கு வந்த கட்சிகள் ஆட்சி நடத்த வரவில்லை. 2019 பிப்ரவரியில் பட்ஜெட் தோற்றது, ஏப்ரலில் தேர்தல் வந்துவிட்டது. எழுத்தில் ஒரே விதி. எந்தப் பெரும்பான்மையைத் தடுக்க அது எழுதப்பட்டதோ, அதே பெரும்பான்மை ஒரு நாட்டில் அந்த விதி வழியாகவே உள்ளே வந்துவிட்டது. ஏன்? பிராந்தியக் கட்சிகளின் எண்ணிக்கையா, கூட்டணி ஒப்பந்தம் எழுதும் பழக்கமா? இது 4,000 சொல்லுக்குப் பொருந்தும் கேள்வி. பெர்லினில் உட்கார்ந்து பாதி வேலையை முடிக்கலாம்.

எண்கணக்கு:

கேள்வி தேர்தல் முறை பற்றியது என்றால் இரண்டு கணக்கைக் கையால் போடப் பழகிக்கொண்டு போங்கள். வகுப்பில் திரையில் காட்டுவார்கள். காட்டும்போது புரிந்த மாதிரி இருக்கும், தனியாகப் போடும்போதுதான் எங்கே இடிக்கும் என்று தெரியும்.

முதல் கணக்கு: பயனுறு கட்சி எண்ணிக்கை, அதாவது ஒவ்வொரு கட்சியின் பலத்தையும் கணக்கில் எடுத்து எத்தனை கட்சி என்று எண்ணுவது. 1979-இல் லாக்ஸோ, தாகபேரா இருவரும் முன்வைத்த சூத்திரம். ஒவ்வொரு கட்சியின் பங்கையும் தசமமாக எழுதி வர்க்கப்படுத்துங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள், 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

பிரிட்டன் 2024 தேர்தலைப் போட்டுப் பார்ப்போம். வாக்கு விகிதம்: தொழிற்கட்சி 33.7, கன்சர்வேடிவ் 23.7, ரிஃபார்ம் 14.3, லிபரல் டெமாக்ரட் 12.2, பசுமைக் கட்சிகள் 6.7 அளவில், மற்றவை சிறியவை. வர்க்கங்களின் கூட்டுத்தொகை சுமார் 0.21, விடை ஏறக்குறைய 4.8. இனி இடங்கள்: 650-இல் தொழிற்கட்சி 411, கன்சர்வேடிவ் 121, லிபரல் டெமாக்ரட் 72, ரிஃபார்ம் 5. கூட்டுத்தொகை சுமார் 0.447, விடை 2.2. மக்கள் கிட்டத்தட்ட ஐந்து கட்சி நாடாக வாக்களித்திருக்கிறார்கள், அவையில் வந்து உட்கார்ந்தது இரண்டு கட்சி நாடு. ரிஃபார்ம் கட்சி 14.3 விகிதத்துக்கு 5 இடமும், லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைந்த 12.2 விகிதத்துக்கு 72 இடமும் வாங்கியதற்குக் காரணம் வாக்கு எங்கே குவிந்தது என்பதுதான்.

இரண்டாவது: காலகர் குறியீடு, அதாவது வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள விகிதப் பிறழ்வை அளக்கும் எண். ஒவ்வொரு கட்சிக்கும் வாக்கு விகிதத்துக்கும் இட விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். கூட்டுங்கள், பாதியாக்குங்கள், வர்க்கமூலம் எடுங்கள். மேலே உள்ள பிரிட்டன் எண்களுக்கு 23.6 வாக்கில் வரும். ஜெர்மனி 2025 தேர்தலுக்கு 6.6 வாக்கில் வரும்.

பிழை வழக்கமாக இரண்டு இடத்தில் நேரும். 33.7 என்று விழுக்காடாகவும் 0.632 என்று தசமமாகவும் கலந்து போடுவது ஒன்று. மற்றொன்று, இடமே கிடைக்காத கட்சிகளைப் பட்டியலிலிருந்து விட்டுவிடுவது. ஜெர்மனியில் சாரா வாகன்க்னெக்ட் கூட்டணி 4.98 விகிதம், சுதந்திர ஜனநாயகக் கட்சி 4.3 விகிதம் வாங்கி அவைக்குள் வரத் தேவையான 5 சதவீத வரம்புக்கு வெளியே நின்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் குறியீடு சட்டென்று இறங்கிவிடும். ஜெர்மனியின் விகிதப் பிறழ்வில் பாதி அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

பார்வையாளர்மாடம்:

எண்கணக்கு, 6.6 எப்படி வந்தது? சிடியு, சிஎஸ்யு என்ற ஜெர்மன் சகோதரக் கட்சிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தீர்களா?

எண்கணக்கு:

சேர்த்துத்தான் போட்டேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தனித்தனியாகப் போட்டால் 6.3. காலகரில் வித்தியாசம் சின்னது. பயனுறு கட்சி எண்ணிக்கையில் பெரிது: இடங்களை வைத்துப் போட்டால் சேர்த்து 4.3, பிரித்து 5.1.

சிஎஸ்யு பவேரியாவில் மட்டும் போட்டியிடுகிறது, சிடியு பவேரியாவைத் தவிர எல்லா இடத்திலும். ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை, புண்டஸ்டாக்கில் ஒரே அணியாக உட்காருகின்றன. ஆனால் தலைமையும் கட்சி மாநாடும் வேறு. அவையில் நடப்பதை ஆராய்ந்தால் சேர்ப்பது நியாயம், கட்சி அமைப்பை ஆராய்ந்தால் பிரிப்பது நியாயம். எதைச் செய்தாலும் கட்டுரையில் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் வாசிப்பவர் எண் தப்பு என்று நினைப்பார், அல்லது நீங்கள் கவனிக்கவே இல்லை என்று நினைப்பார்.

குடவோலை:

வரம்பு என்றதும் போலந்து 2015-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே தனிக் கட்சிக்கு 5 சதவீத வரம்பு, கூட்டணிக்கு 8. இடதுசாரிகள் கூட்டணியாகப் பதிவு செய்து 7.55 விகிதம் வாங்கினார்கள். ஒரு இடமும் இல்லை. சட்டமும் நீதியும் கட்சி 37.6 விகிதத்தோடு 460-இல் 235 இடம் பிடித்துத் தனிப்பெரும்பான்மை பெற்றது. ஒரே கட்சியாகப் பதிவு செய்திருந்தால் அதே 7.55 உள்ளே போயிருக்கும். தேர்தல் சட்டத்தில் ஒரு வரி நாட்டின் போக்கை எப்படித் திருப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. "விகிதாசார முறை" என்று எழுதியதோடு நிறுத்திவிடாமல் வரம்பு எத்தனை, யாருக்கு எத்தனை என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். நெதர்லாந்தும் விகிதாசாரம்தான், 150 இடம், தனியாக வரம்பு கிடையாது, ஒரு இடத்துக்கு உரிய வாக்கு, அதாவது 0.67 சதவீதம் வாங்கினால் உள்ளே வந்துவிடலாம்.

ஒப்பீட்டுக்காரன்:

ஜனநாயகக் குறியீடுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கோடைத் திட்ட மாணவர்கள் முதல் நாளே ஏதாவது ஒரு தரவரிசையை எடுத்து, "இந்த நாடு 2 புள்ளி இறங்கியது" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஃப்ரீடம் ஹவுஸ் 100 புள்ளிக்கு மதிப்பிடுகிறது: அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60. எக்கனாமிஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் குறியீடு 60 கேள்வி, ஐந்து பிரிவு, 0 முதல் 10 வரை. ஸ்வீடனின் கோத்தென்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் முழுக்க வேறு வகை. ஒவ்வொரு நாட்டுக்கும் பல நிபுணர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, அவர்களுக்குள் கறாரானவர் யார், தாராளமானவர் யார் என்பதையும் புள்ளியியல் முறையில் சரிக்கட்டி மதிப்பெண் தருகிறது. கூடவே நிச்சயமின்மை இடைவெளியும் தருகிறது. இரண்டு ஆண்டின் இடைவெளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் "இறங்கியது" என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் கோட்டைப் படத்தில் பார்க்காமல் நடு எண்ணை மட்டும் எடுப்பதுதான் தவறு.

இன்னொன்று: மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உட்கூறுக்குப் போங்கள். நீதித்துறைச் சுதந்திரம், ஊடகத் தணிக்கை, தேர்தல் நிர்வாகத்தின் தன்னாட்சி என்று தனித்தனியாக இருக்கும். ஹங்கேரியை எடுத்தால் 2010-இல் ஃபிடெஸ் கட்சி வாங்கிய ஏறக்குறைய 53 விகித வாக்கு மூன்றில் இரண்டு பங்கு இடமாக மாறியது. அந்தப் பலத்தில் எழுதப்பட்ட புதிய அரசியலமைப்பு 2012 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த உட்கூறு முதலில் அசைந்தது, எது பிறகு அசைந்தது என்ற வரிசைதான் பாடம். மொத்த எண்ணில் அந்த வரிசை கரைந்துவிடும்.

கடவுச்சீட்டு:

கேள்வி கேட்டவரின் பயணத் திட்டத்தில் விசாச் சிக்கல் ஒன்று இருக்கிறது, யாரும் தொடவில்லை. பெர்லின், பிரஸ்ஸல்ஸ், லண்டன், மறுபடி பெர்லின் என்கிறீர்கள். லண்டன் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், இல்லை. நடுவில் லண்டன் போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வைத்திருந்தால் கடைசி வாரம் பெர்லினுக்குள் விடமாட்டார்கள். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, லண்டன் வாரத்தின் அட்டவணையையும் இணைக்க வேண்டும். பிரிட்டன் விசா தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அந்த விண்ணப்பம் முடியும் வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கலாம் என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் போட முடியாமல் போகும்.

எந்த நாட்டுத் தூதரகம்? அதிக நாள் தங்கும் நாடு. உங்களுக்கு ஜெர்மனி. பிரஸ்ஸல்ஸில் முதலில் இறங்கினாலும் பெல்ஜியத்தில் விண்ணப்பிக்கக் கூடாது. நாள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

ஷெங்கன் குறுகியகால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு. முடிவுக்கு 15 நாள். கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை போகலாம். ஆக ஜூலை 20 பயணத்துக்கு மே முதல் வாரத்துக்குள் ஷெங்கன் விண்ணப்பம் போயிருந்தால்தான் பிரிட்டனுக்கும் நேரம் மிஞ்சும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ.

விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்வார்கள். "எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை" என்பது ஒன்று, "எத்தனை நாள்" என்பது இன்னொன்று. தேதி இடைவெளி 60 நாள் இருந்தாலும் நாள் கட்டத்தில் 45 என்று இருந்தால் 45 நாள்தான் தங்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் முதல் மின்னணு நுழைவுப் பதிவு படிப்படியாக வந்துவிட்டதால் முத்திரையை எண்ணிச் சமாளிக்கும் காலமும் போய்விட்டது.

கிரெடிட்கணக்கு:

12 இசிடிஎஸ் பற்றி. ஒரு இசிடிஎஸ் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை எல்லாம் சேர்த்து. 12 என்றால் 300 முதல் 360 மணி. ஆறு வாரத்தில் வாரத்துக்கு 50 முதல் 60 மணி நேரம். பயண நாட்களும் இருக்கிற திட்டத்தில் இது மிக அதிகம். உழைப்பு உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறதா, இல்லை எண்ணை மட்டும் ஏற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாடத்திட்டத்தைக் கேட்டு மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஒரு முழுக் கல்வியாண்டுக்கே 60 இசிடிஎஸ்தான். ஆறு வாரக் கோடைக்கு 6 முதல் 9 வரை இருந்தால் நம்பலாம்.

போகும் முன் உங்கள் துறையிலிருந்து எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பாடத்துக்குப் பதிலாக இது கணக்கிடப்படும், எத்தனை கிரெடிட், மதிப்பெண் சேருமா அல்லது தேர்ச்சி மட்டுமா, சான்றிதழை யார் வழங்க வேண்டும். கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். திட்டத்தை ஒரு தனியார் நிறுவனம் நடத்தும், கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஒன்று தரும். பங்கேற்புச் சான்றிதழ் நிறுவனத்திடமிருந்து வரும், மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திடமிருந்து வர வேண்டும். பங்கேற்புச் சான்றிதழை மட்டும் கொண்டுவந்தால் கிரெடிட் ஏறாது.

ஜெர்மன் மதிப்பெண் தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி, 5.0 தோல்வி. பட்டியலில் 1.3 என்று இருப்பதைப் பார்த்து உங்கள் அலுவலகம் தோல்வி என்று பதிந்துவிடாமல் இருக்க, அளவுகோல் விளக்கப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

பார்வையாளர்மாடம்:

நேர்காணல் எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு வேலை உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 9-ஆம் பிரிவில் அரசியல் கருத்து தனிப் பாதுகாப்புக்குரிய தகவல். ஒருவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று பெயரோடு பதிவு செய்தால் அது உடல்நலக் குறிப்பு வைத்திருப்பதற்குச் சமம். வெளிப்படையான சம்மதம் வேண்டும். பதிவில் பெயருக்குப் பதில் குறியெண் போட்டு, குறியெண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியலை வேறு கோப்பில் வையுங்கள். உங்கள் கல்லூரி ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாரக்கணக்கில் எடுக்கும். ஊருக்குப் போய் இறங்கியபின் விண்ணப்பித்தால் வராது.

சிந்தனைக் குழுக்களில் நடக்கும் சந்திப்புகள் பெரும்பாலும் சாத்தம் ஹவுஸ் விதியின் கீழ் நடக்கும். கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று சொல்லக் கூடாது. குழுப் புகைப்படத்தோடு "இன்று இவர் சொன்னது" என்று பதிவிட்டால் விதி மீறல். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

அவை அமர்வு பார்க்கக் கிடைத்தால் வெறுமனே உட்கார்ந்து கேட்காதீர்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், பேசுபவர் கட்சி, கைத்தட்டல் எந்த வரிசையில், குறுக்கீடு எந்த வரிசையில், அமைச்சர் பதில் சொன்னாரா. புண்டஸ்டாக்கின் சுருக்கெழுத்து அறிக்கை கைத்தட்டல் எந்த அணியிலிருந்து வந்தது, யார் என்ன குறுக்கிட்டார் என்பது வரை அடைப்புக்குள் பதிவு செய்யும். அறிக்கை வெளியானதும் உங்கள் தாளை அதோடு வைத்துப் பாருங்கள். கூட்டணிக் கட்சியின் பேச்சுக்கு ஒரு அணி மட்டும் கைதட்டாமல் இருந்ததா? மொழி தெரியாவிட்டாலும் அதைப் பிடிக்கலாம்.

கோடைவாசல்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். ஜூன் 8 முதல் ஜூலை 17 வரை நடக்கும் வேறொரு திட்டம், 8 இசிடிஎஸ். லண்டன் முதல் வாரம், அப்புறம் முழுக்க ஷெங்கன், கடைசியில் பெர்லின். ஒருமுறை நுழைவு போதும். கேள்வி: ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஏன் வெவ்வேறு வகைப் பெரும்பான்மையை உருவாக்கியது? பெல்ஜியத்திலும் இதே விதி இருக்கிறதாமே, மூன்றாவதாகச் சேர்க்கலாமா? பெர்லினில் புண்டஸ்டாக் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்பீட்டுக்காரன்:

பெல்ஜியம் வேண்டாம். அங்கே சிக்கல் அரசைக் கவிழ்ப்பதில் இல்லை, அமைப்பதில். 2010 தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைய 541 நாள் ஆனது. அதைச் சேர்த்தால் உங்கள் கேள்வி வேறு கேள்வியாகிவிடும்.

1982-ஐ எழுதும்போது அதோடு நிறுத்தாதீர்கள். ஆட்சிக்கு வந்த கோல் அதே டிசம்பரில் 68-ஆம் பிரிவின் நம்பிக்கை வாக்கெடுப்பில் வேண்டுமென்றே தோற்று 1983 மார்ச்சில் தேர்தலுக்கு வழி செய்தார். 2024 டிசம்பர் 16 அன்று அப்போதைய பிரதமர் ஷோல்ஸ் தோற்றதும் அதே 68-இல்தான். 67-ஐயும் 68-ஐயும் ஒன்றாக எண்ணி எழுதுகிறவர்கள் அதிகம்.

பார்வையாளர்மாடம்:

பெர்லினில் புண்டஸ்ராட் போங்கள், லைப்சிகர் தெருவில். மாநிலங்களின் அவை, 69 வாக்கு, பெரும்பான்மைக்கு 35. ஒவ்வொரு மாநிலத்துக்கும் 3 முதல் 6 வாக்கு. ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கம்தான் விழ வேண்டும். 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டத்தில் பிராண்டன்பர்க் மாநில அமைச்சர்கள் ஒருவர் ஆம் என்றும் ஒருவர் இல்லை என்றும் சொல்ல, அவைத்தலைவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். கார்ல்ஸ்ரூஹே அரசியலமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று சட்டத்தையே ரத்து செய்தது. கூட்டணி உள்ளுக்குள் உடைந்தால் வாக்கு எப்படி எண்ணப்படும் என்பது உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது.

புண்டஸ்ராட் சில வாரங்களுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை கூடும். கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி அமர்வு பெரும்பாலும் ஜூலை முதல் பாதியில் வரும், அதாவது நீங்கள் கடைசியாகப் பெர்லினில் இருக்கும் நாட்களில். அவர்களுடைய அமர்வு நாட்காட்டியை இப்போதே எடுத்துப் பார்த்து, பார்வையாளர் பதிவையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.